கரடியனாற்றில் ஓர் அடைக்கோழி

மட்டக்களப்பு நகரிலே எமது வீட்டு முற்றத்தில் ஆறு கோழிகள் உண்டு. ஆறும் ஒரே செந்நிறம்; ஆறும் ஒரே அளவு; ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்திறங்கியவை. கடையில் வாங்கிய தீனியை நேரந் தவறாது வைத்தால், அவையும் நாள் தவறாது முட்டையிடும். அவ்வகையிலே குறை சொல்வதற்கில்லை. ஆயினும், அவை வந்து இரண்டு ஆண்டுகள் சென்றும் எமது முற்றத்திலே ஒரு குஞ்சின் குரலேனும் கேட்டதில்லை. அயல்வீட்டுச் சேவலை இரவலாகப் பெற்று விட்டுப் பார்த்தோம். கூடையிலே வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி வைத்தும் பார்த்தோம். கோழிகள் கூடையை எட்டிப் பார்த்தன, தம் பங்குக்கு இன்னொரு முட்டையை இட்டன, இறங்கிப் போய்விட்டன.

"முட்டை இருக்கிறது, கோழியும் இருக்கிறது, தாய்தான் இல்லை," என்றார் எம் இல்லத்தரசியார்.

இச்சொல்லை நாம் ஒரு நண்பரிடம் கூறினோம். அவர் கால்நடை வைத்தியத் துறையிலே நெடுங்காலம் பணியாற்றி இளைப்பாறியவர். "அடைகிடக்கும் கோழி வேண்டுமானால் நகரிலே தேடிப் பயனில்லை. படுவான்கரைக்குப் போவோம். கரடியனாற்றிலே ஒரு வளவை நான் அறிவேன்," என்றார். சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பஸ்ஸிலே இருவருமாகப் புறப்பட்டோம். எம் கையிலே ஒரு வெற்றுக் கூடை இருந்தது.

மட்டக்களப்பை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். இந்நாட்டை நெடுக ஓடும் வாவி இரு கரைகளாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட, ஞாயிறு எழுகின்ற பக்கம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படுகின்ற பக்கம் படுவான்கரை. நகரங்களும் கடைத்தெருக்களும் பெரும்பாலும் எழுவான்கரையில் உள. வயல்களும் குளங்களும் மேய்ச்சல் தரைகளும் காடுகளும் படுவான்கரைக்கு உரியன. நெல்லும் தயிரும் அங்கிருந்து இங்கு வரும். கோழியும் அவ்வாறே வந்த காலம் ஒன்றுண்டு.

ஏறாவூரைக் கடந்து செங்கலடிச் சந்தியை அடைந்ததும் வண்டி மேற்கே திரும்பியது. பேராதனையில் தொடங்கிப் பதுளை வழியாக மலையிறங்கி வருகின்ற நெடுஞ்சாலை முடிவது இச்சந்தியிலேதான். நாம் அதனை வாலிலிருந்து தலைநோக்கிப் பற்றிக்கொண்டு சென்றோம். சிறிது தூரத்தில் கறுத்தப்பாலம். போர்க்காலத்திலே இப்பாலத்தைக் கடப்பது ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்குப் போவதை ஒத்தது. ஒருபுறம் ஒரு சோதனை, மறுபுறம் மற்றொரு சோதனை. இன்று வண்டி நில்லாமலே பாலத்தைக் கடந்துவிட்டது.

பாலத்துக்கு அப்பால் வெளி விரிந்தது. பெரும்போக அறுவடை முடிந்து வயல்களெல்லாம் தாள்மட்டும் நின்றன. முன்னாளிலே இம்மாதத்தில் இவ்வழி வருவோர் களவெட்டிகளிலே சூடு குவிந்திருப்பதையும், இரவிலே சூடு மிதிப்போர் பாடுவதையும் கண்டும் கேட்டும் மகிழ்வர். இப்போது இயந்திரம் வயலில் இறங்கி, அரிந்து, அடித்து, மூட்டையாக்கித் தந்துவிட்டுப் போகின்றது. எனினும் இயந்திரமும் சிந்தாமற் போவதில்லை. சிந்திய நெல்லைப் பொறுக்குவதற்கு மயில்களும் புறாக்களும் வந்திருந்தன. இலுப்படிச்சேனையைத் தாண்டியபோது, வயலின் ஓரமாக, வண்டிச் சத்தத்துக்கு அஞ்சாது ஒரு கறுப்புக் கோழி தன் குஞ்சுகளுக்குத் தாளைக் கிளறிக் காட்டிக்கொண்டு நின்றது. "பார்த்தீரா? வந்துவிட்டோம்," என்றார் நண்பர்.

கரடியனாறு என்ற பெயரைக் கேட்டவுடன் கரடியும் ஆறும் மனத்திலே தோன்றுதல் இயல்பே. காடு அருகிலுள்ளது. இன்று ஊரவர் பெரிதும் அஞ்சுவது யானைக்கு. வேளாண்மையையும் வாழையையும் தென்னையையும் ஒரே இரவில் அழித்துவிட்டுப் போகும் யானையைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு படலையிலும் கேட்டது. மேற்கே சென்றால் உறுகாமக் குளம். அதற்கும் அப்பால் புல்லுமலை. ஊரிலே விவசாயப் பயிற்சி நிலையம் ஒன்றும் உண்டு. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள், வீதி அமைக்கும் வேலைக்கென்று இவ்வூர்ப் பொலிஸ் நிலையத்திலே வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்துப் பலர் உயிரிழந்த செய்தியாலேயே இவ்வூரின் பெயரை முதன்முதலிற் கேட்டவர்களும் உளர். போர் ஓய்ந்து ஓராண்டு கழிந்தபின் நேர்ந்த துயரம் அது.

நாம் தேடிச் சென்ற வளவு வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு புளியமரம், அதன் கீழே கிளுவை வேலி, வேலிக்குள்ளே துப்புரவாகக் கூட்டிய மணல் முற்றம். எழுபது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் குல்லகத்தோடு வெளியே வந்தார்.

"வாங்க டொக்டர் ஐயா, வாங்க மகன். இரிங்க. தண்ணி குடிச்சிற்றுக் கதைப்பம்."

அவர் குல்லகத்தைத் தட்டிப் "பா, பா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அவ்வளவுதான்! வேலிக்கடியிலிருந்தும், புளியமரத்துக் கிளையிலிருந்தும், அயல்வளவுக் கத்தரிப் பாத்தியிலிருந்தும் கோழிகள் ஓடிவந்த காட்சியை என்னென்று கூறுவோம்! எமது வீட்டுக் கோழிகள் ஆறும் ஓர் அச்சிலே வார்த்தவை. இங்கோ ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. கறுப்பு, சாம்பல், மண்ணிறம், வெள்ளையிற் கறுப்புப் புள்ளி. நெடிய கால் கொண்டது ஒன்று, குட்டைக்கால் கொண்டது ஒன்று. இறகெல்லாம் வெளிப்புறமாகச் சுருண்டு, காற்றிலே அகப்பட்ட குடைபோல் இருந்தது ஒன்று. கழுத்திலே ஓர் இறகும் இன்றிச் செந்தோலுடன் நின்றன வேறு மூன்று.

கழுத்து வெறுமையான கோழியைக் கண்டு நாம் முகஞ்சுளித்ததை நண்பர் கவனித்துவிட்டார். "அழகில்லை என்கிறீரா? இந்த வெயிலுக்கு அதுவே அழகு," என்றார். அவ்வியல்பு ஒரே ஒரு மரபணுவால் வருவது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலும் பிள்ளைக்கு வரும். அதனையுடைய கோழிக்குக் கழுத்தில் மட்டுமன்றி உடலெங்கும் இறகு குறைவு. ஆகையால் உடற்சூடு எளிதில் வெளியேறும். பங்குனி வெயிலிலே மற்றக் கோழிகள் அலகைத் திறந்து இரைக்கும்போது, இது மேய்ந்துகொண்டிருக்கும். வெப்ப நாடுகளுக்கான கோழிகளை ஆராய்வோர் இக்குணத்தைப் பெரிதும் மதிக்கின்றனர். மூதாட்டியாருக்கு மரபணு தெரியாது. "அது வெயிலுக்குச் சாகாது மகன்," என்று மட்டும் சொன்னார்.

அப்போது பற்றைக்காட்டின் பக்கமிருந்து வேறொரு சேவலின் கூவல் குறுகலாகக் கேட்டது. முற்றத்துச் சேவல் தலையை நிமிர்த்தியது. "அது காட்டுக்கோழி. இதுகள்ற பூட்டன்," என்றார் மூதாட்டியார் சிரித்துக்கொண்டு. இலங்கையின் தேசியப் பறவையாகிய அக்காட்டுச் சேவல் இத்தீவைத் தவிர வேறெங்கும் வாழாதது. செஞ்சூட்டின் நடுவே மஞ்சள் திட்டு உடையது. ஆனால் வீட்டுக்கோழியின் நேர்மூதாதை அதுவன்று. 2020ஆம் ஆண்டிலே, காட்டுக்கோழியும் வீட்டுக்கோழியுமாக உலகின் பல பாகங்களிலிருந்தும் எடுத்த 863 பறவைகளின் மரபுத்தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வாளர், வீட்டுக்கோழியின் மூலத்தைத் தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளிலே வாழும் செங்காட்டுக்கோழியிடம் கண்டனர். செங்காட்டுக்கோழி நம் தீவின் காடுகளில் இல்லை. ஆகவே, இம்முற்றத்துக் கோழியின் முன்னோர் என்றோ ஒருநாள் மனிதரோடு கடல் கடந்து வந்திருத்தல் வேண்டும். எம்மைப்போல் அதுவும் வந்து வேரூன்றியதே!

நாம் வந்த காரியத்தைச் சொன்னோம். மூதாட்டியார் எம்மை அடுக்களைச் சார்ப்புக்கு அழைத்துச் சென்றார். இருள் கவிந்த மூலையிலே, உடைந்த பானையின் அடிப்பாகத்தில் மணல் பரப்பி, வைக்கோல் வைத்து, அதன்மேல் ஒரு மண்ணிறக் கோழி இறகை அகல விரித்துப் படுத்திருந்தது. நாம் குனிந்ததும் உடலை ஊதிப் பெருப்பித்து உறுமிற்று. மூதாட்டியாரின் கை அதன் வயிற்றின்கீழ் நுழைந்தபோது ஒன்றும் செய்யவில்லை. கை வெளியே வந்தபோது அதிலே இளஞ்சூடாக ஒரு முட்டை இருந்தது.

"பதினொரு நாளாகுது. ஏழாம் நாள் வெயிலுக்குப் பிடிச்சுப் பார்த்தன். பன்னிரண்டில ஒண்டு கூழ். மற்றதெல்லாம் கரு இருக்கு."

முட்டைகளிடையே ஓர் இரும்பாணியும், ஒரு கரித்துண்டும், ஒரு காய்ந்த மிளகாயும் இருந்தன. இடி இடித்தால் முட்டை கலங்காதிருப்பதற்காம். நாம் நண்பரின் முகத்தைப் பார்த்தோம். அவர் சிரிக்கவில்லை. "இருட்டு, அமைதி, ஈரம் வற்றாத மணல், கவனிக்கும் ஒரு மனிதர், இவை நான்கும் இங்கே இருக்கின்றன. ஆணி இருப்பதனால் கெடுதி ஒன்றுமில்லை," என்றார் பிறகு.

புளிய நிழலிலே வெற்றிலைத் தட்டத்தின் முன் அமர்ந்தபோது, எமது வீட்டுக் கோழிகள் ஏன் அடைகிடப்பதில்லை என்று நண்பர் விளக்கினார். அதனை நேயர்களுக்குச் சுருக்கித் தருகின்றோம்.

ஊர்க்கோழி ஒன்று பத்துப் பதினைந்து முட்டைகளை இட்டபின் நிறுத்திவிடும். அதன் உடலிலே புரோலக்டின் என்னும் சுரப்பு மிகுகின்றது. இடும் எண்ணம் போய் இருக்கும் எண்ணம் வருகின்றது. இருபத்தொரு நாள் அடை. அதன்பின் இரண்டு மூன்று மாதம் குஞ்சு வளர்ப்பு. இவ்வாறு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை முட்டையிடுவதனால், மொத்தம் நாற்பது அறுபதுக்கு மேற் போவதில்லை. பண்ணைக்கென்று தெரிந்தெடுத்து வளர்த்த கோழியோ முந்நூறு இடும். முட்டையைப் பொரிக்க இயந்திரம் வந்தபின், பண்ணைக்காரருக்கு அடை என்பது வெறும் நட்டமாகவே தோன்றிற்று. அடைகிடக்கும் கோழிகளை ஒவ்வொரு தலைமுறையிலும் கழித்தனர். கிடவாதவற்றின் வழியையே பெருக்கினர். தாய்மை இவ்வாறாக வழக்கொழிந்தது. இதனைப் பாவமென்று சொல்லவும் கூடாது. ஏழைப் பிள்ளையின் உணவுத் தட்டில் முட்டை வந்தது இதனாலேதான். ஆயின், முந்நூறு முட்டை இடும் அக்கோழி, தனக்குப் பதிலாக ஒரு கோழியைத் தானே தரமாட்டாது. அடுத்த கோழிக்கு மறுபடியும் பெட்டி வரவேண்டும். பெட்டிக்குப் பணம் வேண்டும். அதன் தீனிக்குக் கப்பல் வேண்டும்.

கப்பல் வராவிட்டால் என்னவாகும் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். 2022ஆம் ஆண்டிலே நாட்டில் அந்நியச் செலாவணி அற்றுப்போனபோது தீனி விலை ஏறிற்று. கோழிப் பண்ணைகள் பல மூடப்பட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டைகளை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது. அக்காலத்தில் இம்முற்றத்திலே என்ன நடந்தது என்று மூதாட்டியாரிடம் கேட்டோம்.

"என்ன நடக்கிற? கோழி கிளறிச்சு. செல்லும் புழுவும் சிந்தின நெல்லும் திண்டுச்சு. முட்டைக்கு நல்ல விலை வந்துச்சு," என்றார்.

இவ்வூரிலும் பெட்டிக் கோழிகள் வந்ததுண்டு. போருக்குப் பின் ஓர் உதவி நிறுவனத்தார் நல்லெண்ணத்தோடு வீட்டுக்குப் பத்துக் குஞ்சாகக் கொடுத்தனராம். தீனி கொடுத்த வரையில் அவை நன்றாக இட்டன. தீனி நின்றதும் நின்றன. ஒவ்வொன்றாகச் சட்டிக்குப் போயின. அவற்றின் சேவல்கள் ஊர்ப்பேடுகளோடு கலந்து பிறந்த குஞ்சுகள் பருத்தவை. முட்டையும் சற்றுக் கூட இட்டன. ஆனால் அவற்றிலே பல அடைகிடப்பதில்லை. கிடப்பவையும் பாதியில் எழுந்துவிடும்.

"அந்தக் கோழிக்கு முட்டை போடத் தெரியும் மகன். போட்ட முட்டைக்கு என்ன வேணுமெண்டு தெரியாது."

அதனால் அவர் தம் சேவலைத் தாமே தெரிந்து வைத்திருக்கின்றார். நன்றாக அடைகிடந்த பேட்டின் வயிற்றுச் சேவலையே மிச்சப்படுத்துவார், மற்றவை விற்பனைக்கு. பேடுகளிலும் பருந்தைக் கண்டு குஞ்சுகளை ஒளித்தவையே முற்றத்திலே நிலைக்கும். பருந்துக்கு ஒரு குரல், கீரிக்கு ஒரு குரல் என்று கோழி வேறுவேறாகக் கூப்பிடும். வானிலிருந்து வருவதா, தரையில் வருவதா என்பது குஞ்சுக்குத் தெரிந்துவிடும். ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு கீச்சிடும், தாய் மறுமொழி சொல்லும். கோழிகளின் இவ்வழைப்புகளை அறிவியலாரும் ஆராய்ந்து உறுதிசெய்துள்ளனர். இயந்திரத்திலே பிறந்த குஞ்சுக்கு இப்பாடங்களைச் சொல்லிக்கொடுக்க எவருமில்லை. கம்பிவலைக்குள் அது குறையன்று. பருந்தும் கீரியும் மரநாயும் உலவும் கரடியனாற்றிலே அதுவே உயிருக்கு உலை.

இவர் கையிலுள்ள கோழிவர்க்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மட்டக்களப்பிலே வீடு தாய்வழியாக மகளுக்குச் சேரும் என்பதை நேயர் அறிவர். மூதாட்டியாரின் தாயார் வீட்டோடு கோழிகளையும் மகளுக்குக் கொடுத்தார். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியிலே கூரையும் தென்னையும் போயின. நெற்பட்டறைக்குள் ஒடுங்கிய நாலு கோழிகள் தப்பின. அவற்றிலிருந்து முற்றம் மறுபடி நிரம்பிற்று.

2007ஆம் ஆண்டின் முற்பகுதியில் படுவான்கரையிலே போர் மூண்டது. எறிகணைகள் விழத் தொடங்கிய ஒரு காலையில், பேரப்பிள்ளைகள் இருவரையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் வெளியேறினார்.

"கூட்டைத் திறந்து விட்டன் மகன். பூட்டிப்போட்டுப் போனா பட்டினியில சாகும். அடையில ஒண்டு கிடந்திச்சு. அது மட்டும் எழும்பி வரல்ல."

இதைச் சொன்னபோது அவர் எம்மைப் பார்க்கவில்லை, குல்லகத்தைப் பார்த்தார். சில மாதங்கள் எழுவான்கரை முகாமிலே கழிந்தன. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. முற்றத்தில் ஓர் இறகும் இல்லை. அடைச்சட்டி மட்டும் மூலையிலே கவிழ்ந்து கிடந்தது.

அவ்வேளை செங்கலடிப் பக்கத்து உறவுப்பெண் ஒருவர் ஒரு பேட்டைக் கொண்டுவந்து வாரத்துக்கு விட்டார். வாரம் என்பது இதுதான்: கோழி ஒருவருக்கு உரியது; வளர்ப்பு மற்றவரது; பொரித்து வளர்ந்த குஞ்சுகள் இருவருக்கும் பாதிப் பாதி. பன்னிரண்டு முட்டையில் ஒன்பது பொரித்தன. பருந்துக்கு இரண்டு, கீரிக்கு ஒன்று. எஞ்சிய ஆறில் மூன்று உறவுக்காரருக்கு, மூன்று இவருக்கு. அம்மூன்றிலிருந்து கிளைத்தவையே நாம் கண்ட முப்பத்தைந்தும். பேரப்பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும் அக்கோழிகளாலேயே வந்தன.

"அந்தப் பேடு வேற்றுக் கோழியா, அம்மா?" என்று கேட்டோம்.

மூதாட்டியாரின் முகம் மலர்ந்தது. "அதெப்படி வேற்றுக் கோழி? என்ர அம்மா அந்தக் காலத்தில அவட தாய்க்கு வாரத்துக்குக் குடுத்த கோழிர பரம்பரை அது. இஞ்ச அழிஞ்சுது. அங்க இருந்திச்சு. திரும்பி வந்திச்சு."

நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். நண்பரும் அப்படியே இருந்தார். விதைகளையும் விலங்கினங்களையும் காப்பதற்கு உலகிலே பெருநிலையங்கள் உள, பதிவேடுகள் உள. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் என்னும் கருங்கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டிலே சிறுவிடை, பெருவிடை, அசில் என்று பெயர்சொல்லித் தேடி வளர்ப்போர் உளர். எமது படுவான்கரைக் கோழிக்கோ ஒரு பெயரும் இல்லை. ஊர்க்கோழி என்பதே பெயர். பெயரில்லாத ஒன்று குறைந்து போனாலும், குறைந்ததென்று எழுதிவைக்க எவருமில்லை. ஆயினும், ஒரு தாய் மற்றொரு தாய்க்கு வாரத்துக்குக் கொடுத்த வழக்கம், வாவிக்கு அப்பால் ஒரு படியை வைத்துக் காத்திருக்கின்றது. போர் ஒரு கரையை அழித்தபோது மறுகரை அதனைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கும் அடிப்படை யாது? பேடு அடைகிடக்கும் என்பதே. அடைகிடவாத கோழியை எவர் வாரத்துக்கு வாங்குவார்?

எல்லாம் நலமே என்று சொல்லிவிட முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரத்துக்குள்ளே நாற்பது கோழிகளில் மூன்று மட்டும் மிஞ்சின என்றார் மூதாட்டியார். கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து, நின்ற இடத்திலேயே விழுந்தனவாம். அது பெரும்பாலும் ராணிக்கெட் நோயாகவே இருக்கும் என்றார் நண்பர். 1926இல் இங்கிலாந்திலே நியூகாசில் நகரிலும், அடுத்த ஆண்டில் இந்தியாவின் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டிலும் இனங்காணப்பட்டதால் இரு பெயராலும் அந்நோய் வழங்குகின்றது. வந்தபின் மருந்தில்லை, வருமுன் தடுக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத ஊர்களுக்கென்று, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தொன்றை அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர். கண்ணிலே ஒரு சொட்டு. நான்கு மாதத்துக்கொரு முறை. ஆபிரிக்கக் கிராமங்களிலே அதனைப் பெண்களே விடுகின்றனர். ஊர்க்கோழி எந்நோயையும் தாங்கும் என்று நம்பிச் சும்மா இருத்தல் தவறு. வெயிலையும் பசியையும் அது தாங்கும், இந்நோயைத் தாங்காது. முற்றத்திலே பத்துக் கோழி வைத்திருக்கும் நேயர்கள், பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்திலே தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிதல் நன்று.

பொழுது சாய்ந்தது. நாம் பணப்பையை எடுத்தோம்.

"அடைக்கோழி விக்கிறதில்ல மகன்."

எமக்கு ஏமாற்றமாயிற்று. எம் முகத்தைக் கண்டு அவர் சிரித்தார். "வாரத்துக்கெண்டா கொண்டு போங்க. ஒண்டு நேத்துத்தான் அடைக்குக் கொக்கரிக்கத் தொடங்கியிருக்கு. டவுனிலயும் ஒண்டு இருக்கட்டும். இஞ்ச நாளைக்கு என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

இருட்டிய பின்பே கோழியைப் பிடித்தார். பகலில் இடம் மாற்றினால் அடை கலைந்துவிடுமாம். கழுத்து வெறுமையான சாம்பல்நிறப் பேடு அது. எம் வெற்றுக் கூடையிலே அதனை வைத்து ஈரச்சாக்கால் மூடினார். பனையோலைப் பெட்டியொன்றில் உமியைக் கொட்டி, ஒரு வாரத்துக்குட்பட்ட பன்னிரண்டு முட்டைகளைத் தேர்ந்து, மூக்குக் கீழாக நட்டு வைத்தார். "போனவுடன விளக்கைக் கொளுத்தாம, இருட்டில வைங்க. விடியப் பார்த்தா தன்ர முட்டை எண்டு நினைச்சிரும்," என்றார். ஒரு சிறு பொட்டலத்தையும் கையிலே திணித்தார். வழியில் அவிழ்த்துப் பார்த்தோம். ஓர் ஆணி, ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய்.

கறுத்தப்பாலத்தை இரவு பஸ்ஸிலே கடந்தோம். கூடை எம் மடியிலிருந்தது. சாக்கின்கீழ்க் கோழி இரண்டொரு முறை மெல்ல உறுமிற்று. முன்னிருக்கையில் இருந்த சிறுவன் திரும்பி, "கோழியா?" என்றான். "ஓம் தம்பி, அடைக்கோழி," என்றோம். அவன் அச்சொல்லை அறியான் போலும், தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

சித்திரை மாதத்து இருபத்தோராம் நாள் காலையில் எம் இல்லத்தரசியார் எம்மைத் தட்டியெழுப்பினார். ஆறு செங்கோழிகளும் வேலியோரம் வரிசையாக நின்று வியந்து பார்க்க, சாம்பற்கோழி அடுக்களை வாயிலிலே எட்டுக் குஞ்சுகளோடு நின்றது. நான்கு முட்டை கூழாயின. எட்டில் ஒன்று காகத்துக்குப் போயிற்று. மற்ற ஏழும் இதை எழுதும்போது முற்றத்தைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இரண்டுக்குக் கழுத்தில் இறகில்லை.

ஆடி மாதத்திலே தாய் பிரிந்துவிடும். அப்போது மறுபடியும் கரடியனாற்றுக்குப் போகவேண்டும். ஏழில் பாதி மூன்றா, நான்கா என்று எம் வீட்டிலே வழக்கு நடக்கின்றது. நான்கையும் கொண்டுபோவது என்று நாம் தீர்மானித்துவிட்டோம். கூடையைத் தட்டித் துடைத்து இறப்பிலே கொழுவி வைத்திருக்கின்றோம்.